ஊராரும் உள்ளாட்சியும்

மக்கள் கூடி வாழும் இடந்தோறும் ஒரு வினா எழுவதுண்டு. எது ஊராரின் கடமை? எது அரசின் கடமை? நாஞ்சில் நாட்டு வரலாற்றில் இவ்வினா பலமுறை எழுந்து விடையும் பெற்றிருக்கிறது. நம் மஹல்லாக்களின் பொறுப்பாளர்கள் அவ்விடைகளை இன்று எண்ணிப் பார்த்தல் நலம்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைத் தன்னகத்தே கொண்ட இந்த நெல்வள நாட்டில், ஊர்கள் பிடாகைகளாகப் பகுக்கப்பட்டிருந்தன. நாடு முழுவதையும் பற்றிய செய்தியாயின் நாட்டார் ஒன்றுகூடி முடிவெடுத்தனர். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் இல்லத்தில் இருந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் ஆராய்ந்ததன் பயனாக, அக்கால வாழ்க்கையின் பல செய்திகள் வெளிவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மங்கலம் முதல் மணக்குடி வரையுள்ள நாட்டார் கூடி, வழக்கமான வரியை மட்டுமே செலுத்துவது, புதிதாகச் சுமத்தப்படுவதைச் செலுத்துவதில்லை என்று உறுதி செய்தனர். அரசு வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. அரசுக்குரியது எது, தமக்குரியது எது என்று எல்லை வகுத்தனர். ஓர் ஊர் தனியே சென்று முறையிட்டிருந்தால் அக்குரல் எடுபட்டிருக்குமா? நாடே ஒரு குரலாய் நின்றமையே அவர்களின் வலிமை.

காலம் மாறியது. திருவிதாங்கூர் அரசு 1894ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, நாகர்கோவில் உள்ளிட்ட நகரங்களில் நகர முன்னேற்றக் குழுக்களை ஏற்படுத்தியது. 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடத் தொடங்கியது. குடிகளின் குறைகளைத் திவானின் முன்னிலையில் எடுத்துரைக்க அங்கே வழி பிறந்தது. 1920ஆம் ஆண்டின் சட்டம் நகராட்சிகளுக்கு விரிந்த பொறுப்பை அளித்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. 2019இல் நாகர்கோவில் மாநகராட்சியாயிற்று. இவ்வாறு, ஊரார் தாமே பார்த்து வந்த பணிகள் பல உள்ளாட்சியின் கைக்குச் சென்றன. அப்படியாயின் ஊராருக்கு இனி வேலை இல்லையா?

இவ்வினாவை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ அவர்கள், தமது ‘அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்னும் ஆட்சியியல் நூலில், நகரின் குடிநீர் வழி தூர்ந்தாலோ மதில் இடிந்தாலோ செய்ய வேண்டியதை விளக்குகிறார்கள். பைத்துல்மாலில் பொருள் இருந்தால் அதிலிருந்தே சீர்செய்ய வேண்டும். மக்கள் மீது அச்சுமையை ஏற்றலாகாது. பொருள் இல்லையேல், அக்கடமை வசதி படைத்த ஊரார் அனைவரையும் சாரும். அவர்கள் தாமாக முன்வந்து கட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் ஊர் முழுவதற்கும் பொதுவான மதிலையோ ஜாமிஆ பள்ளியையோ புதுப்பிக்கும் பொருட்டு இடிக்க வேண்டுமாயின், ஆட்சியாளரின் அனுமதி பெற்றாக வேண்டும். எத்துணை நுட்பமான வரையறை!

இன்றைய சட்டமும் இவ்வெல்லையை ஒட்டியே நடக்கிறது. 1997–98இல் தொடங்கப்பட்டு, இடையில் வேறு பெயர் பூண்டு, 2021இல் மீண்டும் பழைய பெயரோடு வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்தில், பணியின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் அளித்தால் எஞ்சியதை அரசு ஏற்கிறது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கியுள்ளன.

எனினும் நம்மவரில் பலர் பழைய வழக்கத்தையே பற்றி நிற்கின்றனர். குறை நேர்ந்தால் ஜமாஅத்தின் கடிதத்தாளில் ஒரு மனு எழுதி, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, அதிகாரியின் மேசையில் வைத்துத் திரும்புகின்றனர். அதன் பின்னர் அம்மனுவைத் தேடுவாரில்லை. ஜமாஅத்துக்குத் தெருவின் மீது சட்ட அதிகாரம் இல்லை. ஆனால் அதன் மக்கள் ஒவ்வொருவரும் வாக்காளர். கிராம சபையில் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். சபையில் நிறைவேறும் தீர்மானம் ஏட்டில் பதிவாகிறது; அடுத்த கூட்டத்தில் அது என்னவாயிற்று என்று கேட்க உரிமையும் கிடைக்கிறது.

ஆகவே, முதலில் பணி யாருடையது என்று அறிதல் வேண்டும். தெருவிளக்கும் குப்பையும் உள்ளாட்சியைச் சாரும். பாசன வாய்க்கால் நீர்வளத் துறையைச் சாரும். பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சாரும். இடம் தெரியாமல் கொடுக்கும் மனு அலைந்து திரியும். அடுத்து, அத்தெருவில் வாழும் பிற சமயத்தாரையும் உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். நீர் வராத குழாய் ஒரு சமயத்தாருக்கு மட்டும் வறண்டு கிடப்பதில்லை. அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு வலியுறுத்தியபோது, அவர் எம்மார்க்கத்தவர் என்று பிரித்துக் கூறவில்லை. மூன்றாவதாக, குழாயடியில் காத்து நிற்கும் நம் பெண்கள் தாமே சபைக்கு வந்து பேசுதல் வேண்டும். அவர்கள் அறிந்த குறையை அவர்களைவிடத் தெளிவாக எடுத்துரைப்பார் யார்?

இடலாக்குடியாயினும் திட்டுவிளையாயினும், ஊரார் தம் பங்கைச் செய்துவிட்டு, அரசின் பங்கை ஏட்டில் பதியும்படி கேட்க வேண்டும். மங்கலம் முதல் மணக்குடி வரை ஒன்றாய் நின்ற நாட்டார் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. அடுத்த சபை கூடும் நாளை ஜுமுஆவுக்குப் பின் அறிவிப்பதிலிருந்து நம் மஹல்லாக்கள் தொடங்கட்டும்.