கரண்டியோடு கணக்கும்



சமைக்க நமக்கு யார் சொல்லித் தரணும் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு வளைகாப்புக்கு நூறு பேருக்குச் சாப்பாடு செய்து கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். கணக்குப் பார்த்தால் கைக்காசு போயிருந்தது. விறகுக்கும் என் உழைப்புக்கும் நான் விலையே போடலை.

நாம் வந்த வழியைப் பாருங்கள். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் சேமிக்கக் கற்றுக் கொடுத்தது. 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் திறந்தபோது, ஒரு ரூபாய் இட்லியை அவித்தவர்கள் குழுப் பெண்கள்தான். 2023 ஆகஸ்ட் 25-ல் நம் டெல்டாவின் திருக்குவளையில் வைத்து, காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அங்கேயும் சமைப்பது நம்மவர்கள்தான்.

ஆனா சமைப்பது வேறு, உணவகம் நடத்துவது வேறு. ஒரு சாப்பாட்டுக்கு அடக்கவிலை, சரக்கு இருப்பு, சுத்தம், ஆளை வேலை வாங்குவது எல்லாம் படித்தால்தான் பிடிபடும். திருச்சி துவாக்குடியில் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கு. சில ஐ.டி.ஐ.களில் ஓராண்டு உணவு தயாரிப்புப் பிரிவும் இருக்கு. அதற்குப் பத்தாவது போதும். பெண்களுக்கு மேல் வயது வரம்பும் இல்லை.

மகளை அனுப்பலாம்னு நினைத்திருந்தேன். இப்போ விண்ணப்பம் எனக்கும் சேர்த்து வாங்கப் போறேன்.