எளியோரின் வனயாத்திரை

பழைய மோட்டார் வண்டியொன்றில் கூடாரத்தையும் கம்பளிகளையும் சமையல் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் செலவில் சரிபாதியை ஏற்கும் ஒரு சிநேகிதனோடு, தேசியப் பூங்கா ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, இரவில் பைன் மரங்களின் அடியில் உறங்கி, விடியலில் பனிமலைச் சிகரத்தின் முன் கண்விழிப்பது, அமெரிக்க தேசத்தில் மாணவர்களுக்கும் சொற்ப வருமானமுள்ள குடும்பங்களுக்கும் கைகூடுகிற காரியமாக இருந்து வருகிறது. அத்தேசத்தில் நிலமும் காடும் பரந்து கிடப்பதனால் இந்தப் பாக்கியம் தானாகவே வாய்த்துவிட்டது என்று எண்ணலாகாது. மலை எல்லோருக்கும் பொது என்று சட்டம் சொன்ன பின்னரும், அந்த மலையடியில் ஓர் இரவு தங்குவதற்குரிய வசதி ஏழைக்குக் கிடைப்பதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்கு ஓர் இயந்திரமும், ஒரு கொள்கையும், எண்ணற்ற இளைஞர்களின் உடலுழைப்பும் வேண்டியிருந்தன.

1872-ஆம் ஆண்டில் யெல்லோஸ்டோன் பிரதேசத்தை ஜனங்களின் நன்மைக்கும் இன்பத்துக்கும் உரிய பூங்காவாக அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கி வைத்தது. ஆயினும், 1883-இல் வடக்கு பசிபிக் ரயில் பாதை அதன் வாயிலருகே வந்தபின், ரயிலில் இறங்கிக் குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டியில் ஏறி, பெரிய ஓட்டல்களில் தங்கி, வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் பார்ப்பதே பிரயாணத்தின் முறையாக அமைந்தது. அதற்குரிய செலவைத் தாங்கக்கூடியவர்கள் தனவந்தர்களே. சொந்த வண்டியும் குதிரையும் உடைய சுற்றுப்புறத்து விவசாயிகளோ, மாவும் பன்றி இறைச்சியும் கட்டிக்கொண்டு வந்து, ஸேஜ் புதர்களின் நடுவே கூடாரமடித்துத் தங்கினார்கள். அந்தப் புதரின் பெயராலேயே அவர்களை 'ஸேஜ்பிரஷர்கள்' என்று அழைப்பதும் வழக்கமாயிற்று. இவ்விரு சாராருக்கும் இடையே ஒரு நடுவழியை வகுத்தவர்கள், வியக்கத்தக்க வகையில், ஆசிரியத் தொழிலைச் சேர்ந்தவர்கள். மோன்டானாவில் பள்ளிகளை நிர்வகித்துவந்த வில்லியம் வைலி என்பவர் யெல்லோஸ்டோனில் ஓட்டல்களைவிடக் குறைந்த செலவில் கூடாரங்களில் தங்கும் முறையை ஏற்படுத்தினார். ஆசிரியர்களாக இருந்த டேவிட் கரி, ஜென்னி கரி தம்பதிகள் 1899-ஆம் ஆண்டில் யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் ஏழு கூடாரங்களை நாட்டி, நாளொன்றுக்கு இரண்டு டாலர் வாங்கிக்கொண்டு விருந்தினரை உபசரித்தார்கள். கற்றவர்களாயினும் செல்வரல்லாத ஒரு வகுப்பார் காட்டைக் காண விழைகிறார்கள் என்பதை ஓட்டல் முதலாளிகளுக்கு முன்னரே உணர்ந்துகொண்டவர்கள் இவர்கள்.

மோட்டார் வண்டி செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்த அக்காலத்தில், 1903-ஆம் ஆண்டு மே மாதம், வெர்மான்ட் மாகாணத்து வைத்தியரான ஹொரேஷியோ நெல்சன் ஜாக்ஸன், அமெரிக்கக் கண்டத்தை மோட்டாரில் குறுக்காகக் கடந்துவிடலாம் என்று ஐம்பது டாலர் பந்தயம் கட்டி, சீவால் குராக்கர் என்ற இயந்திரக் கைவினைஞரைத் துணையாக அழைத்துக்கொண்டு, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வின்ட்டன் வண்டியொன்றில் புறப்பட்டார். படுக்கைப் பைகளையும் சமையல் பாத்திரங்களையும் சேற்றில் அழுந்தும் வண்டியை இழுத்தெடுப்பதற்கான கப்பிக் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு, வழியில் சேர்த்துக்கொண்ட பட் என்ற நாய்க்கும் தூசிக்கண்ணாடி அணிவித்து, 63 நாட்களில் அவர்கள் நியூயார்க்கை அடைந்தார்கள். அவர்களுடைய பாதையில் ஒழுங்கான சாலை மிகவும் அரிது. இரண்டு நண்பர்களும் ஓர் இயந்திரமும் கண்டத்தை வென்றுவிடக்கூடும் என்ற நம்பிக்கை தேசத்தார் மனத்தில் வேரூன்றியதற்கு அந்தப் பிரயாணம் ஒரு முக்கியமான காரணம்.

பூங்காக்களோ மோட்டாரை எளிதில் வரவேற்கவில்லை. குதிரைகள் மிரளும், அமைதி குலையும் என்ற அச்சம் நியாயமானதே. 1912-ஆம் ஆண்டில், வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ், யோசமிட்டிக்குள் மோட்டாரை அனுமதிப்பதை ஏதேன் தோட்டத்தில் பாம்புக்கு இடங்கொடுப்பதற்கு ஒப்பிட்டு எச்சரித்தார். எனினும் ரெய்னியர் மலைப் பூங்கா 1908-இலும், யோசமிட்டி 1913-இலும், யெல்லோஸ்டோன் 1915-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலும் கதவைத் திறந்தன. யெல்லோஸ்டோனில் கோச்சு வண்டிகளோடு மோதாதிருக்கும் பொருட்டு, எந்த இடத்தை எந்த நேரத்தில் கடக்கவேண்டும் என்று மோட்டார்களுக்குக் கால அட்டவணை வகுத்தார்கள். ஆனால் 1917-ஆம் ஆண்டிலேயே கோச்சு வண்டிகள் மறைந்து, அவற்றின் இடத்தில் மோட்டார் பஸ்கள் ஓடத் தலைப்பட்டன.

இயந்திரம் வந்தது, கொள்கை வேண்டியிருந்தது. 1916-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி தேசியப் பூங்கா இலாகா ஸ்தாபிதமாயிற்று. அதன் முதல் டைரக்டரான ஸ்டீவன் மேதர் போராக்ஸ் வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். ஆனால் ஜனங்கள் வந்து பார்க்காத பூங்காவை அரசியல்வாதிகள் நெடுங்காலம் காப்பாற்றமாட்டார்கள் என்பதையும், ஜனங்கள் வரவேண்டுமாயின் எளியவன் தங்குவதற்கு இடம் இருக்கவேண்டும் என்பதையும் தெளிவாக அறிந்திருந்தவர். அவருடைய துணைவரான ஹொரேஸ் ஆல்பிரைட் வரைந்து, உள்நாட்டு இலாகா மந்திரி பிராங்க்ளின் லேனின் கையொப்பத்தோடு 1918-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஒரு கடிதம் பூங்கா நிர்வாகத்தின் சாசனமாகவே விளங்கியது. செல்வருக்கு ஓட்டல், நடுத்தரத்தாருக்குக் குறைந்த கட்டண முகாம், இவற்றோடு நிதி கிடைக்குந்தோறும் நீரும் சுகாதார வசதியும் அமைந்த இலவசக் கூடாரத் திடல்கள் ஒவ்வொரு பூங்காவிலும் ஏற்பட வேண்டும் என்று அது விதித்தது. சாமானியன் காட்டில் தங்குவதைச் சலுகையாகக் கருதாமல் அரசாங்கத்தின் கடமையாகக் கருதிய அந்த வாக்கியத்தையே இவ்வரலாற்றின் மையமாக நான் மதிக்கிறேன்.

1908-இல் 850 டாலருக்கு விற்ற போர்டு கம்பெனியின் 'டி' மாடல் வண்டி, 1920-களின் நடுப்பகுதியில் 300 டாலருக்கும் குறைந்த விலைக்கு வந்தபோது அந்தக் கடமை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. வண்டியின் பக்கவாட்டிலேயே கூடாரத்தைக் கட்டி, மிதிபலகையில் உணவுப் பெட்டியை வைத்து, 1923-இல் கோல்மன் கம்பெனி வெளியிட்டது போன்ற மடக்கு அடுப்பை மூட்டி, டப்பாவில் அடைத்த அவரை விதையும் காப்பியும் காய்ச்சி உண்ணும் குடும்பங்கள் வேனிற்காலத்தில் சாலையெங்கும் பெருகின. 1919-ஆம் ஆண்டில் புளோரிடாவின் டாம்பா நகரில் கூடிய ஒரு கூட்டத்தார் 'தகர டப்பாப் பிரயாணிகள்' என்றே தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டு, தங்கள் எளிமையை ஒரு விருதாகத் தரித்தார்கள். மேற்கத்திய ஊர்கள் பல போட்டி போட்டுக்கொண்டு இலவச முகாம்களை ஏற்படுத்தின. 1920-ஆம் ஆண்டில், பன்னிரண்டு பூங்காக்களை இணைத்துச் சுமார் 5,000 மைல் செல்லும் 'பூங்காவுக்குப் பூங்கா' நெடுஞ்சாலையை டென்வரிலிருந்து தொடங்கிவைத்தார்கள். அதே ஆண்டில் யோசமிட்டியில் ஹெரால்டு பிரையன்ட், லாய் மில்லர் ஆகிய இயற்கைநூல் அறிஞர்களின் இலவச வழிகாட்டிப் பணியும் ஆரம்பமாயிற்று. பணமில்லாதவனுக்கு உறங்க இடம் கொடுத்ததோடு நில்லாமல், பறவையின் பெயரையும் பாறையின் வயதையும் அவனுக்குக் கற்பித்த அந்த ஏற்பாடு மிகவும் போற்றத்தக்கது.

ஆனால் அன்பு மிகுந்தவர்களின் கால்களும் காட்டைக் கொல்லக்கூடும். வண்டிகள் மரங்களிடையே விரும்பிய திசையில் ஓடின. கூடாரங்கள் விரும்பிய இடத்தில் எழுந்தன. தாவர நோய் ஆராய்ச்சியாளரான எமிலியோ மைனெக்கே, 1920-களில் கலிபோர்னியாவின் மாபெரும் மரங்களினடியில் மண்ணைச் சோதித்து, சக்கரங்களாலும் காலடிகளாலும் அது இறுகி, வேர்களுக்கு நீரும் காற்றும் எட்டாமற் போவதைக் கண்டார். முதலில் சிறு செடிகள் அழியும். பின்னர் பெருமரங்கள் நலியும். நிழல் போனபின் ஜனங்கள் வேறிடம் தேடிச்சென்று அங்கும் அதையே செய்வார்கள். 1932-இல் அவர் வகுத்த மாற்றுமுறை எளிமையே உருவானது: ஒரே திசையில் சுற்றிவரும் வளையச் சாலை, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு நிறுத்துமிடங்கள், வண்டி அப்பால் நகராதபடி பெரிய பாறைகள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான மேஜை, அடுப்பு, கூடாரத்துக்கு ஓரிடம், இடையிடையே தொடப்படாத புதர்கள். அமெரிக்காவில் அரசாங்கத் திடல்கள் இன்றளவும் பெரும்பாலும் இந்த அமைப்பையே தழுவியிருக்கின்றன.

அந்தத் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடாமல் கல்லும் மரமுமாக உருப்பெற்றது பொருளாதார வீழ்ச்சியின் விளைவாகும். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கியதும் 1942 வரை நடைபெற்றதுமான குடிமக்கள் வனப்பாதுகாப்புப் படையில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் பணியாற்றினார்கள். பெரும்பாலோர் வேலையற்ற இளைஞர்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் ஏறக்குறைய 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் சாலை வெட்டினார்கள், நீர்க்குழாய் பதித்தார்கள், கல்லடுப்புகளைக் கட்டினார்கள். ஓர் ஏழைத் தலைமுறை தன் கையால் சமைத்து வைத்ததன் பயனை அடுத்த தலைமுறையின் எளியோர் அனுபவித்தார்கள்.

எல்லோருக்கும் என்ற சொல் அக்காலத்தில் எல்லோரையும் உள்ளடக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. வர்ஜீனியாவின் ஷெனாண்டோவாப் பூங்காவில் கறுப்பின மக்களுக்கென்று லூயிஸ் மலையில் தனித் திடலை ஒதுக்கினார்கள். அந்தப் பிரிவினை நீங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். பூங்காவுக்குச் செல்லும் வழியிலும் அவர்களுக்கு இடம் தரும் விடுதிகள் அரிதாயிருந்ததனால், விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்ட 'பசுமைப் புத்தகம்' போன்ற வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர்கள் பிரயாணம் செய்ய நேர்ந்தது. கிளேசியர் பூங்காவின் கிழக்குப் பாகம் பிளாக்ஃபீட் பழங்குடியினரிடமிருந்து 1895-இல் பெறப்பட்ட நிலம். வேட்டையாடவும் மரம் வெட்டவும் தங்களுக்கு இருப்பதாக ஒப்பந்தத்தில் கண்ட உரிமைகளை, 1910-இல் பூங்கா ஏற்பட்டபின் அவர்கள் இழந்தார்கள். விடுமுறைக்காகக் கூடாரமடிப்பவனுக்கு வரவேற்பு அளித்த நிலத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கே கூடாரமடித்து வாழ்ந்தவனுக்கு இடமில்லாமற் போயிற்று.

போருக்குப் பின் வெள்ளமெனப் பெருகிய ஜனத்திரளைப் பழைய திடல்கள் தாங்கவில்லை. 1956-இல் தொடங்கிய 'மிஷன் 66' என்னும் பத்தாண்டுத் திட்டம் புதிய சாலைகளையும் திடல்களையும் அமைத்தது. 1967-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, கிளேசியரில் இருவேறு இடங்களில் கரடிகளால் இரு இளம் பெண்கள் மாண்டபின், உணவையும் குப்பையையும் பூட்டிவைக்கும் கட்டுப்பாடுகள் வலுப்பெற்றன. திடல்களுக்குக் கட்டணம் விதிப்பதும், பல மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்துகொள்வதும் நாளடைவில் வழக்கமாகிவிட்டன.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கும்போது, மலிவான பிரயாணம் என்பது பிரயாணியின் சிக்கனத்தால் மாத்திரம் விளைவதன்று என்பது புலனாகும். அவன் மிச்சப்படுத்தும் பணம் முன்னொரு காலத்தில் பொதுப் பணத்தாலும் பிறர் உழைப்பாலும் பிறருடைய இழப்பாலும் செலுத்தப்பட்டதே. ஆகையால் தனக்குக் குறித்த இடத்துக்கு அப்பால் வண்டியை ஓட்டாதிருப்பதும், எளியவன் செலுத்த முடியாத அளவுக்குக் கட்டணம் உயரும்போது அதை எதிர்த்துப் பேசுவதும், நிலத்தின் பூர்வீக உரிமையாளரின் கோரிக்கைக்குச் செவிசாய்ப்பதும் அந்தக் கடனைத் தீர்க்கும் வழிகளாகும். 1918-ஆம் ஆண்டின் அந்த வாக்குறுதி எழுதியவர்களோடு முடிந்துவிட்டதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் வரவுசெலவுக் கணக்கிலும் சட்டத்திலும் மீண்டும் எழுதினாலன்றி, மலைகள் மறுபடியும் செல்வரின் தனியுடைமையாகிவிடும்.