காற்று–சூரியக் கலப்பு மின்சாரம்

மின்வாரியத்தின் கம்பி எட்டாத இடங்களில் காற்றாலையையும் சூரியத் தகடுகளையும் ஒரே பேட்டரித் தொகுதியோடு இணைத்து மின்சாரம் பெறும் ஏற்பாடு காற்று–சூரியக் கலப்பு மின்சாரம் எனப்படும். தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் தொலைத்தொடர்புக் கோபுரங்களிலும் டீசல் ஜெனரேட்டருக்கு மாற்றாகவோ துணையாகவோ இது அமைக்கப்படுகிறது.

வெயில் பகலோடு முடிந்துவிடும். காற்று இரவிலும் வீசும். குளிர்நாடுகளில் வெயில் மங்கும் மாதங்களே காற்று ஓங்கும் மாதங்கள். ஒன்று குறையும்போது மற்றது கைகொடுப்பதால் சேமிப்புக்கு வேண்டிய பேட்டரியின் அளவைக் குறைக்க முடிகிறது. இந்த ஏற்பாட்டில் செலவு மிகுந்ததும் முதலில் தேய்வதும் பேட்டரிதான் என்பதால் இது பெரிய ஆதாயம். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடியவிட்டால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் வகை அதைவிட ஆழமாக வடிவதைத் தாங்கும்.

இரண்டு மூலங்களின் இயல்பும் வேறு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே தாழ்ந்த கம்பத்தில் நிறுத்திய காற்றாலை பெரும்பாலும் வீண்செலவே. கூரைமேல் பொருத்துவதும் அப்படித்தான்: சுழல்காற்று விளைச்சலைக் குறைக்கும், அதிர்வு கட்டடத்தைப் பாதிக்கும். பேட்டரி நிரம்பியதும் சூரியத் தகட்டின் இணைப்பைத் துண்டித்துவிடலாம், அதற்கு ஒரு கேடும் இல்லை. காற்றாலையை அப்படி விட முடியாது. சுமையில்லாமல் சுழன்றால் இறக்கைகள் கட்டுமீறிய வேகம் எடுக்கும். அதனால் மிஞ்சும் மின்சாரத்தை ஹீட்டர் போன்ற ஒன்றுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடோ நம்பகமான தடுப்பு முறையோ இன்றியமையாதது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 30 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எக் தீவு இத்தகைய அமைப்புகளில் அதிகம் பேசப்படும் ஒன்று. 1997இல் தீவுவாசிகள் ஒரு அறக்கட்டளை வழியாக நிலத்தைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். அதுவரையும் அதன் பிறகு பத்தாண்டுக்கு மேலும் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். பிரதான நிலத்திலிருந்து கடலடிக் கம்பி இழுப்பது கட்டுப்படியாகாத செலவு. 2008 பிப்ரவரி 1 அன்று தீவுக்கெனத் தனி மின்னமைப்பு இயங்கத் தொடங்கியது. சுமார் 100 கிலோவாட் திறனுள்ள ஓடை நீர் மின்நிலையம் ஒன்று, மிகச் சிறியவை இரண்டு, 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு, சூரியத் தகடுகள், பேட்டரித் தொகுதி, காப்பாக டீசல் ஜெனரேட்டர்கள் ஆகியவை நிலத்தடிக் கம்பிகளால் இணைக்கப்பட்டன. மின்சாரத்தின் பெரும்பங்கு நீரிலிருந்தே வருகிறது. ஆனால் கோடையில் ஓடைகள் வற்றும், காற்றும் தணியும். அந்த இடைவெளியைச் சூரியத் தகடுகள் நிரப்புகின்றன. தொடக்கத்தில் சுமார் 10 கிலோவாட்டாக இருந்த அவை சில ஆண்டுகளிலேயே 50 கிலோவாட்டாகக் கூட்டப்பட்டன.

பேட்டரியின் மின்சாரத்தை வீடுகளுக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. பேட்டரி நிறையும்போது அது மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து சிறிது உயர்த்தும். அதைக் கண்டு உற்பத்திக் கருவிகள் தாமாகவே விளைச்சலைக் குறைத்துக்கொள்ளும், பொதுக் கட்டடங்களின் ஹீட்டர்கள் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

எக் தீவின் வெற்றிக்கு இயந்திரங்களைவிட முக்கியமான காரணம் ஊரார் ஒப்புக்கொண்ட வரம்பு. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. தொழிலகத்துக்கு 10 கிலோவாட். வசதி படைத்தவருக்கும் அதே அளவுதான். மீறினால் இணைப்பு தானே அறுந்துவிடும். திரும்பப் பெறக் கட்டணம் உண்டு. எல்லா வீடும் ஒரே நேரத்தில் அதிகம் இழுக்காது என்ற உறுதி இருப்பதாலேயே சிறிய உற்பத்தியைக் கொண்டு இருபத்துநான்கு மணிநேரமும் மின்சாரம் தர முடிகிறது. உற்பத்தியைப் பெருக்குவதை மட்டுமே எண்ணித் தொடங்கும் பல திட்டங்கள், தேவை வளர்ந்ததும் மீண்டும் டீசலிடமே போய் நிற்பதற்கு இத்தகைய உடன்பாடு இல்லாததும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இதே வகை அமைப்புகளுக்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1 அன்று கொழும்பில் கையெழுத்தானது. செலவு இந்திய அரசின் நன்கொடை, சுமார் 1.1 கோடி அமெரிக்க டாலர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியத் தகடுகள், 530 கிலோவாட் காற்றாலைகள், 2,400 கிலோவாட் மணி பேட்டரி, 2,500 கிலோவாட் டீசல் காப்பு எனத் திட்டமிடப்பட்டது.

இங்கே பருவத்தின் கணக்கு ஸ்காட்லாந்திலிருந்து மாறுபடும். வைகாசி முதல் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று உரத்து வீசும் மாதங்களில் வெயிலும் குறைவதில்லை. இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்தாலும் வெயில் இருக்கும். சிக்கல் ஐப்பசியில். சோளகம் அடங்கி, வடகிழக்கிலிருந்து வரும் வாடை இன்னும் வலுக்காத அந்த நாட்களில் மழைமேகமும் சேர்ந்துகொள்ளும். பேட்டரியும் டீசல் காப்பும் எவ்வளவு வேண்டும் என்பதை ஆண்டுச் சராசரியைவிட அந்தச் சில வாரங்களே முடிவு செய்கின்றன.