விஇஜிஎஃப்-ஏ மரபணு

இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களைப் பெருகவும் நகரவும் தூண்டும் வளர்ச்சிக் காரணியை உருவாக்கும் மரபணு. மனிதரில் 6ஆம் குரோமோசோமின் குறுங்கையில் உள்ளது. 1983இல் டொனால்ட் செங்கர், ஹெரால்ட் டுவோராக் குழுவினர் இந்தப் புரதத்தைக் குழாய்களைக் கசியவைக்கும் பொருளாக அறிவித்தனர். 1989இல் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா குழு, உட்சுவர்ச் செல்களைப் பெருக்கும் காரணி ஒன்றைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒரே புரதம்தான் என்பது அதன் பிறகே தெளிவானது.

மரபணுவில் 8 எக்ஸான்கள். 6ஆவதும் 7ஆவதும் சேர்கிறதா, விடுபடுகிறதா என்பதைப் பொறுத்துப் புரதத்தின் குணம் மாறும். இரண்டும் விடுபட்டால் 121 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவம். அது செல்லைவிட்டு எளிதில் பரவிவிடும். இரண்டும் இருக்கும் 189 வடிவம் செல்லைச் சுற்றியுள்ள வலைப்பின்னலில் ஒட்டிக்கொள்ளும். 7 மட்டும் உள்ள 165 வடிவம் இடைப்பட்டது. உடலில் பெரும்பங்கு வேலையைச் செய்வதும் அதுவே.

இந்த மரபணுவில் அளவுதான் எல்லாம். பல மரபணுக்களில் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது: ஒரே பிரதியை இழந்த எலிக்கருக்கள்கூடக் குழாய்கள் சரிவர உருவாகாமல் கருப்பையிலேயே இறந்தன என்று 1996இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின.

ஆக்சிஜன் குறையும்போது எச்ஐஎஃப்-1 என்ற புரதம் இம்மரபணுவை முடுக்கிவிடும். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கையில் எச்ஐஎஃப்-ஐ அழிவுக்கு அனுப்புவது 3ஆம் குரோமோசோமிலுள்ள விஎச்எல் மரபணுவின் புரதம். அது பழுதான குடும்பங்களில் கண், மூளை, சிறுநீரகங்களில் இரத்தக் குழாய் மிகுந்த கட்டிகள் தோன்றுகின்றன.

சுரந்த புரதத்தை மட்டுப்படுத்தவும் வழி உண்டு. 13ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்எல்டி1 மரபணு ஓர் ஏற்பியை உருவாக்குகிறது. அதே மரபணுவின் குறுகிய வடிவம் இரத்தத்தில் மிதந்து வளர்ச்சிக் காரணியைப் பற்றிக்கொள்ளும். கர்ப்பகால முன்வலிப்பில் நஞ்சுக்கொடி இதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கருவில் 13ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கர்ப்பங்களில் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதற்கும் இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற பெவாசிசுமாப் மருந்தும் இதே காரணியைத்தான் தடுக்கிறது. அதன் பக்கவிளைவுகளில் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதம் கசிவதும் உண்டு. முன்வலிப்பின் முதன்மை அறிகுறிகளும் அவையே.