கரண்டிக் கணக்கும் வயிற்றுக் கணக்கும்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் ஒரே அடுப்பில் சாப்பிடும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். மாமியார் சின்ன வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர். காலையிலிருந்து குந்தியபடியே வெங்காயம் பிடுங்கி, தாள் அரிந்து, கூடை கூடையாகச் சுமந்து பட்டறையில் கொட்டுகிறவர். மருமகள் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை பார்த்தால் நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். கடும் உடலுழைப்பு என்றால் 2,720 வேண்டும். இடைவெளி 1,060 கலோரி, ஏறக்குறைய முந்நூறு கிராம் அரிசி. ஆனால் இருவர் தட்டிலும் விழுவது பெரும்பாலும் ஒரே அளவு சோறுதான். பானை ஒன்று, கரண்டி ஒன்று, பரிமாறும் கையும் ஒன்று.

இந்த மருமகள் எடையைக் குறைக்க நினைத்தால் இரண்டு யோசனைகள் வரும். சாப்பிடுவதையெல்லாம் கலோரியாகக் கணக்கிட்டு வரம்புக்குள் நிறுத்து என்பது ஒன்று. கணக்கெல்லாம் வேண்டாம், பசித்தால் சாப்பிடு, வயிறு போதும் என்றால் எழுந்துவிடு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, இரண்டின் பின்னாலும் ஆராய்ச்சி உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 30.9. நாலைந்து ஆண்டுகளில் இத்தனை ஏற்றம் வந்திருக்கும்போது எந்த யோசனை யாருக்குப் பொருந்தும் என்பதைத் தெளிவாகப் பேசியாக வேண்டும்.

கலோரிக் கணக்கை மேல்நாட்டு வழக்கம் என்று பலர் ஒதுக்குவார்கள். உணவை எரித்து வெப்பம் அளந்து, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று வரையறுத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வேலை செய்த வில்பர் அட்வாட்டர் என்பது உண்மை. ஆனால் கம்பு, சோளம், கேழ்வரகு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் என்று நம் சமையலறைப் பொருள்களுக்கு அட்டவணை போட்டது நம் நீலகிரியில்தான். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை நூலாகக் கொண்டுவந்தார். அந்தக் கூடமே பிற்பாடு ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய நிறுவனமாயிற்று. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் 1971-இல் தம் சகாக்களோடு அந்த அட்டவணையை விரிவாக்கினார். அதில் நூறு கிராம் கம்புக்கு 361 கலோரி, நிலக்கடலைக்கு 567, சின்ன வெங்காயத்துக்கு 59. அன்று இந்தக் கணக்கைப் போட்டவர்களின் கவலை பட்டினியும் சத்துக் குறைவும். அவற்றைப் போக்கப் பிறந்த அட்டவணையை இன்று இடுப்பளவைக் குறைக்கத் திருப்பிப் படிக்கிறோம்.

கணக்கு எழுதுவதால் பலன் உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரை வைத்து நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் சாப்பிட்டதை எழுதிவைத்தவர்கள் எழுதாதவர்களைப் போல் இரு மடங்கு எடை குறைந்தார்கள். எழுத வேண்டும் என்ற நினைப்பே கையைத் தடுக்கும். சாயங்காலம் டீயோடு எடுக்கும் இரண்டாவது போண்டா நோட்டில் ஏறும்போது கண்ணில் உறுத்தும்.

ஆனால் கணக்கு சரியாக இருக்க வேண்டுமே. 1992-இல் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களின் உணவை நுட்பமாக அளந்தார்கள். அவர்கள் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் கணக்கிலேயே வரவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, மனித நினைவு அப்படித்தான். கலோரி அச்சிட்டு விற்கும் உணவை அளந்து உண்ணும் நாட்டிலேயே இப்படி என்றால், ஒரு சட்டிக் குழம்பை ஐந்து பேர் ஊற்றிக்கொள்ளும் வீட்டில் என்ன கணக்கு நிற்கும்? தாளிக்க எவ்வளவு எண்ணெய் என்று செட்டிகுளத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் 'கொஞ்சம்' என்பார்கள். அந்தக் கொஞ்சம் ஒரு தேக்கரண்டியானால் 45 கலோரி, ஒரு குழிக்கரண்டியானால் அதைப் போல் பல மடங்கு. செல்போன் செயலியில் 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்று தட்டினால் வரும் எண் வேறு யாரோ வைத்த சாம்பாருக்கு உரியது.

அட்டவணையே சறுக்கும் இடங்களும் உண்டு. பாதாமின் கலோரி மதிப்பை அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012-இல் மனித உடலில் அளந்து பார்த்தபோது, பொட்டலத்தில் அச்சிடும் எண்ணைவிட உடலுக்குச் சேர்வது நாலில் ஒரு பங்கு குறைவு என்று தெரிந்தது. நிலக்கடலையும் இதே போலத்தான். முழுக் கடலையைத் தின்றால் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறும். அதே கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக்கினால் ஏறக்குறைய முழுவதும் உடம்பில் சேரும். கடலை விளைகிற மண்ணில் இதை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இனி பசி. 'உடம்பு பொய் சொல்லாது' என்று இந்தத் தரப்பார் சொல்வார்கள். இந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை என்பதற்கு மிகச் சிறந்த சான்று வங்காளத்திலிருந்து வருகிறது. ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயரும் இந்தியச் சகாக்களும் ஹூக்ளிக் கரையில் ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களின் உணவையும் எடையையும் உழைப்பையும் அளந்து 1956-இல் வெளியிட்டார்கள். கணக்கெழுதுபவர், கடை வைத்திருப்பவர், மேற்பார்வையாளர், நெசவுக்காரர், நிலக்கரி சுமப்பவர் என எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். லேசான வேலையிலிருந்து கடும் வேலை வரைக்கும் பசி அழகாக நடந்துகொண்டது. உழைப்பு கூடக்கூடச் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. உட்கார்ந்தே இருந்தவர்களிடம் வந்தபோது மட்டும் கோடு திசை மாறியது. லேசான வேலை செய்தவர்களைவிட இவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகமாக இருந்தது. வேலை குறைந்தால் பசியும் குறைய வேண்டும் என்று நாம் நினைப்போம். ஒரு மட்டத்துக்குக் கீழே அது குறைவதில்லை.

நான் இந்த ஒப்பாய்வில் பிடித்துக்கொள்வது இதைத்தான். பசி உழைப்போடு சேர்ந்து இயங்கும் அளவுகோல். உழைக்கிற உடம்பில் அது சொல்வதைத் தாராளமாக நம்பலாம். வெங்காயக் காட்டில் பத்து மணிக்குத் தூக்குவாளியைத் திறக்கிற மாமியாரிடம் போய்க் கலோரி பேசுவது தேவையற்றது, அநியாயமும்கூட. ஜெராக்ஸ் கடை நாற்காலியில் ஒரு மணிக்கு வரும் பசி அந்த நம்பிக்கைக்கு உரியதல்ல.

அந்த ஒரு மணிப் பசியில் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு. கிரெலின் என்ற பசி இயக்குநீர் 1999-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் அது இரத்தத்தில் தானே ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. 'பசிக்குதோ இல்லையோ, மணி ஒண்ணாச்சு, வந்து உக்காரு' என்று பல வருடம் பழக்கிய உடம்பு ஒரு மணிக்குப் பசிக்கும். காட்டு வேலைக்காரரின் நேர அட்டவணையை உட்கார்ந்த வேலைக்காரர் அப்படியே வைத்துக்கொண்டால் பசியும் பழைய அட்டவணைப்படியே வரும்.

சாப்பிடும் பொருளும் மாறிவிட்டது. இந்த மானாவாரி மண்ணில் முன்பு கம்பும் சோளமும் வீட்டுக்காக விளைந்தன. கம்பங்கூழ் ஒரு செம்பு குடித்தால் வயிறு திம்மென்று நிற்கும், ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீரும் மோரும். ஒரு கைப்பிடி மாவு ஒரு செம்பை நிறைக்கும். கடித்துக்கொள்ளும் வெங்காயத்தில் கலோரி என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்று பெரம்பலூர் மாவட்டக் காடுகளில் பெருவாரியாக நிற்பது மக்காச்சோளம். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. வீட்டுக்கு வருவது அரிசி. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலும் ரேஷனில் கிடைக்கிற அரிசி இந்த மாநிலத்தில் பசியைப் பெருமளவு ஒழித்தது. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் பட்டினியை விரட்டிய அதே வெள்ளைச் சோற்றுக் குவியல் உட்கார்ந்த வேலைக்காரரின் தட்டிலும் குறையாமல் விழுகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய அகில இந்திய ஆய்வு, நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் சொன்னது. தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம் என்று 2023-இல் சொன்னதும் அதே ஆய்வுதான்.

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களைச் சேர்த்தால் பசியின் நிலை இன்னும் மோசம். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இருபது பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் பக்குவம் செய்த உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் தந்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். ஆலை உணவில் நாளொன்றுக்கு ஐந்நூறு கலோரி கூடுதலாக உள்ளே போனது. அவர்களும் வயிறு சொன்னபடிதான் சாப்பிட்டார்கள்.

அப்படியானால் பசியைக் கேட்பது வீண் என்று முடிவு கட்டலாமா? இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட சோதனை ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 250 பேருக்கு ஒரே உணவு, உடற்பயிற்சி அறிவுரையைக் கொடுத்துவிட்டு, ஒரு குழுவைச் செயலியில் கலோரி எழுதச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு, சாப்பிடுமுன் இரத்தச் சர்க்கரையைக் குத்திப் பார்த்து உண்மையான பசி எது என்று பழக்கினார்கள். வேறு குழுக்களும் இருந்தன. ஓராண்டு கழித்து 2017-இல் முடிவு வந்தபோது எடைக் குறைவில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு மனநிலையில் தெரிந்தது. பசியைப் பழகியவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. இந்த முடிவு எனக்கு முக்கியமாகப்படுகிறது. அங்கே யாரும் 'தோன்றும்போது சாப்பிடு' என்று விடப்படவில்லை. பசியை அளந்து, பரிசோதித்து, பழக்கினார்கள். பழக்கிய பசியும் எழுதிய கணக்கும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோயின.

அந்தப் பழக்கம் நமக்கு அந்நியமல்ல. செட்டிகுளம் மலை மேல் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணிக்குச் சஷ்டியும் கிருத்திகையும் இருக்கிறவர்களுக்கு, பசி ஓர் அலை போல வந்து அரை மணியில் தணிந்துவிடும் என்பது அனுபவத்தில் தெரியும். விரதம் முடித்த இரவில் வடையும் பாயசமும் வைத்து அதை ஈடுகட்டாமல் இருந்தால், இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஆனால் நம் வீட்டுப் பெண்களில் பலர் பசியைக் கேட்டும் சாப்பிடுவதில்லை, கணக்குப் பார்த்தும் சாப்பிடுவதில்லை. கடைசியாக உட்கார்ந்து மிச்சத்துக்குச் சாப்பிடுகிறார்கள். 'ஒரு கரண்டிதானே இருக்கு, கொட்டவா முடியும்' என்று சட்டியை வழித்துத் தட்டில் போட்டுக்கொள்வது, பிள்ளை வைத்துவிட்டுப் போன அரைத் தோசையை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது. இவை எந்த நோட்டிலும் ஏறாது, எந்தப் பசிக்கும் விடையாகாது. எடை குறைக்க வேண்டிய பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது, முன்னாலேயே உன் தட்டைப் போட்டு எல்லோரோடும் உட்கார் என்பதுதான். மிச்சத்தை மூடி வைக்க இன்று பல வீடுகளில் ஃபிரிட்ஜ் இருக்கிறது.

கணக்கை அறவே விடச் சொல்லவில்லை. தட்டில் எண்ண முடியாததை டின்னில் எண்ணலாம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 8,200 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் கடலெண்ணெயும் ரேஷன் பாமாயிலுமாக மாதம் நாலு லிட்டர் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 270 கலோரிக்கு மேல் எண்ணெயிலேயே போகிறது. மூன்று லிட்டரில் நிறுத்தினால் யாரும் எதையும் எழுதாமலே தலைக்குச் சுமார் 68 கலோரி குறையும். சர்க்கரை ஒரு கிலோ 4,000 கலோரி. நாலு டீக்குத் தலா இரண்டு கரண்டி என்றால் நாளுக்கு 160. மளிகைச் சீட்டைப் பார்த்தாலே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம், தராசோ செயலியோ வேண்டாம். டின்னும் டப்பாவும் சீரான பிறகு சோற்றை மட்டும் பசிக்கு விடலாம். முதலில் பொரியலும் குழம்பும் கூடுதலாக, சோறு ஒரு கரண்டி குறைவாக. இன்னொரு கரண்டி வேண்டுமா என்று முடிவெடுக்க இருபது நிமிடம் பொறுத்தால், வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

இவற்றில் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாதவர்கள் இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும். பசிக்கும்வரை காத்திரு என்ற யோசனை அவர்களுக்கு ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வருகிற பசி சர்க்கரை இறங்கிவிட்டதன் அறிகுறி. அதற்கு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்தாக வேண்டும், கால் மணியில் திரும்பப் பார்க்க வேண்டும். சோற்றைக் குறைக்கப்போகிறேன் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லி, மருந்தின் அளவை அவர் மாற்றிக் கொடுத்த பிறகே இவர்கள் தட்டில் கை வைக்கலாம்.