பதிவேட்டில் இல்லாத வைத்தியர்

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை இன்று சங்கீதக்காரர்கள்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறார்கள். 1917ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலை வெளியிட்டவர் அல்லவா? ஆனால் அவருடைய ஜீவனத் தொழில் வைத்தியம். அதற்கும் முன்னால் அவர் எங்கள் திண்டுக்கல்லில் வாத்தியாராக இருந்தவர். இது ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859ல் பிறந்தவர். 1870களில் இங்கே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேறி, இங்கேயே பாடமும் நடத்தினார். பிடில் கற்றுக்கொண்டதும் இந்த ஊரில்தான், சடையாண்டி பத்தரிடம்.

ஆகவே, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு அவரிடம் முறையான சர்டிபிகேட் இருந்தது. மனிதர்களுக்கு மருந்து கொடுப்பதற்கோ ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அந்த வித்தையைச் சுருளிமலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் பெற்றார். பிறகு தஞ்சாவூரில் குடியேறி, வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, குருவின் பெயரால் மருந்து செய்து கொடுத்தார். பேரும் பணமும் வந்தன. 1909ல் வெள்ளைக்கார சர்க்கார் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. எங்கே படித்தீர், யார் பரீட்சை வைத்தார்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. 1919ல் காலமானார். கேள்வி கேட்கும் காலம் அப்போது தொடங்கிவிட்டிருந்தது.

திண்டுக்கல் சமவெளியில் வைத்தியம் ஒரு விசேஷமான தொழில். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர். மூலிகைக்குப் பஞ்சமில்லை. பழனி மூலவரை நவபாஷாணத்தில் செய்தவர் போகர் என்பது ஐதீகம். ஆகவே இங்கே வைத்தியருக்குச் சாமியின் சம்பந்தமும் கொஞ்சம் உண்டு. வித்தை கற்கும் முறை, ஒருவரோடு ஒருவர் இருப்பதுதான். சிஷ்யனோ மகனோ முதலில் வேர் கழுவுவான். பிறகு கல்வத்தில் அரைப்பான். நாள் முழுவதும் அரைத்தாலும், 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்லிவிட்டு வைத்தியர் எழுந்து போய்விடுவார். எப்போது ஆகும் என்று எந்தச் சுவடியும் சொல்லாது. விரலில் எடுத்துத் தேய்த்தால் ரேகைக்குள் படிய வேண்டும், அவ்வளவுதான். புடத்துக்கு எத்தனை வறட்டி என்று பாட்டில் இருக்கும். ஆனால் மழைக்கால வறட்டியும் சித்திரை மாத வறட்டியும் ஒன்றா? அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான் அறிவான்.

இந்த அறிவைப் பரீட்சைத் தாளில் எழுத முடியாது. சண்டையெல்லாம் இங்கிருந்துதான் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

1914ல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேல்நாட்டு வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பதிவேடு. நாட்டு வைத்தியர் தொழில் செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை. ஆனால் சட்டத்துக்கு வேண்டிய வைத்தியச் சான்றிதழைப் பதிவு பெற்றவர்தான் கொடுக்கலாம் என்றது. விளைவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: காய்ச்சலைத் தீர்ப்பவர் ஒருவர், காய்ச்சல் இருந்தது என்று எழுதித் தருபவர் இன்னொருவர். எழுதித் தருபவருக்குப் பீஸ் அதிகம்.

பிறகு 1918ல் டாக்டர் கோமான் என்பவரை நாட்டு மருந்துகளை ஆராயும்படி சர்க்கார் நியமித்தது. மருந்துகளை ஆராயப் போனவர், வைத்திய முறையே சாஸ்திர ரீதியானதல்ல என்கிற தோரணையில் அறிக்கை எழுதவே, வைத்தியர்கள் கொதித்தார்கள். மறுப்பு அறிக்கையும் அச்சாயிற்று. சட்டசபையில் அப்போது நம்மவர்கள் மந்திரிகளாக வந்திருந்தார்கள். 1921ல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் காரியதரிசி. மாகாணத்தின் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வைத்தியர்களும் ஹக்கீம்களும் தங்கள் தங்கள் பாஷையிலேயே சாட்சியம் எழுதி அனுப்பினார்கள். 1923ல் அறிக்கை வந்தது. நம் வைத்திய முறைகளும் சாஸ்திரமே, பள்ளிக்கூடம் வைக்க வேண்டும், பதிவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிவு வேண்டும் என்று கேட்டவர்களில் வைத்தியர்களே பலர். கைராசி என்று சொல்லிக்கொண்டு சந்தையில் துணி விரித்து உட்காருபவனோடு தங்களைச் சேர்த்து எண்ணுவதை அவர்களால் சகிக்க முடியவில்லை. ரசமும் பாஷாணமும் விளையாட்டல்ல. சுத்தி சரியாகச் செய்யாத ரசத்தைச் செந்தூரம் என்று கொடுத்தால் வாய் வெந்து, பல் ஆடி, சிறுநீரகம் கெடும். அப்படிச் செத்தவன் யாரிடம் போய் முறையிடுவான்? பதிவேடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருடைய கையில் பதிவேடு, எந்தப் பாடத்துக்குப் பரீட்சை என்பதுதான் கேள்வி.

அந்தப் பாடத்தின் கதை வேடிக்கையானது. 1925ல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி தொடங்கியது, சீனிவாசமூர்த்தியே பிரின்சிபால். ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் உண்டு. கூடவே மேல்நாட்டு உடற்கூறு, அறுவை முதலியனவும் உண்டு. நல்ல எண்ணந்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாடத்தை வைத்தால், எதற்குச் சம்பளம் அதிகமோ அதன் பக்கம் பையன்கள் சாய்வார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாறி, பள்ளி கல்லூரியாகி, 1960ல் அது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாகவே ஆகிவிட்டது. நாட்டு வைத்தியரைத் தயார் செய்யப் பிறந்த இடத்திலிருந்து எம்.பி.பி.எஸ். டாக்டர்கள் வெளிவந்தார்கள். சித்த வைத்தியத்துக்கென்று தனியாகப் பாளையங்கோட்டையில் கல்லூரி வந்தது 1964ல்.

அதாவது, 'படித்துவிட்டு வா' என்று சொன்னவர்கள், படிக்கும் இடத்தைச் சரியாகத் திறப்பதற்கே நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

1970ல் பார்லிமெண்டு இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் இயற்றியது. அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாதவர் வைத்தியம் செய்தால் ஒரு வருஷம் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சட்டம் இரக்கமில்லாததல்ல. ஏற்கெனவே மாநிலப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை விட்டுவிட்டது. பதிவேடே இல்லாத மாநிலங்களில் ஐந்து வருஷம் தொழில் செய்தவர்களையும் விட்டுவிட்டது. கிழவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. அவர்கள் உள்ளே போனதும் பிள்ளைகளுக்கு முன்னால் சாத்திவிட்டது. நம்முடைய பல சட்டங்களுக்கு இந்தக் குணம் உண்டு. யாரையும் அன்றைக்கு அழ வைப்பதில்லை. முப்பது வருஷம் கழித்து அழ வைக்கும்.

எங்கள் தெருவில் ஒரு வைத்தியர் இருந்தார். பழைய பதிவேட்டில் பெயர் இருந்தது. அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். மகனுக்கு வித்தை முழுவதும் சொல்லிக் கொடுத்தார். தகப்பனைவிட மகனுக்கு நாடி நன்றாகப் பேசும் என்று தெருவில் சொல்லுவார்கள். பதிவுக்காக மகனை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது இதுதான்:

"தம்பி, எந்தக் காலேஜுன்னு கேக்குறாங்க. எங்க அப்பா, அவருக்கு அப்பான்னு ஏழு பேரைச் சொன்னேன். அந்தக் கட்டத்துல ஒரு பேருக்குத்தான்யா இடம் இருக்குன்னுட்டாங்க."

மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவர். காலேஜில் சேர அதுவும் குறுக்கே நின்றது. 1980களில் பழனியிலேயே அரசாங்கச் சித்த மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கியபோது தெருவில் ஒரு நப்பாசை எழுந்தது. மலையடிவாரத்தில் இருக்கிற கல்லூரி, அனுபவத்துக்கு ஏதாவது சலுகை காட்டாதா என்று. பிளஸ் டூ மார்க்குத்தான் வேண்டும் என்றார்கள். சில வருஷங்களில் அந்தக் கல்லூரியும் சென்னைக்குப் போய்விட்டது. போகர் மட்டும் மலையிலேயே இருக்கிறார். அவரிடமும் பட்டம் கிடையாது.

கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் இதே வழக்கைச் சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டுபோனார்கள். 2018 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. சுதந்திரம் வந்த காலத்தில் படித்த வைத்தியர் குறைவு, இப்போது கல்லூரிகள் நிறைய இருக்கின்றன, தகுதியில்லாதவரிடம் ஜனங்களின் உயிரை ஒப்படைக்க முடியாது என்ற போக்கில் கோர்ட்டு கோரிக்கையைத் தள்ளிவிட்டது. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் மறுத்துப் பேசுவது கஷ்டம். ஆனால் அந்த வைத்தியர்களைச் சோதித்துப் பார்த்து, தெரிந்தவனையும் தெரியாதவனையும் பிரிக்க வழி செய்திருக்கலாம் அல்லவா? கொத்தனாருக்கும் டிரைவருக்கும் கையைப் பார்த்துச் சோதனை உண்டு. வைத்தியனின் கையை மட்டும் யாரும் பார்க்க விரும்பவில்லை.

எங்கள் தெரு வைத்தியர் காலமாகிவிட்டார். மகன் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். சரக்கு விற்கச் சட்டம் தடை சொல்லவில்லை. இருமலுக்கு என்ன சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், "டாக்டரைப் பாருங்கம்மா" என்பார். வாய்தான் அப்படிச் சொல்லும். கை தன்னையறியாமல் எதிராளியின் மணிக்கட்டுப் பக்கம் போய்த் திரும்பும்.

போன தை மாதம் நான் கடையில் இருந்தபோது ஒரு பெண் வந்தாள். சித்த மருத்துவப் பட்டதாரி, முறையாகப் பதிவு பெற்றவள். பையிலிருந்து இரண்டு காய்ந்த கிழங்குத் துண்டுகளை எடுத்து, "அண்ணே, ரெண்டும் சித்தரத்தைன்னு குடுத்துட்டாங்க. எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள். அவர் இரண்டையும் ஒடித்து, ஒன்றை அவள் மூக்கருகே நீட்டினார். பிறகு மற்றதை. "இது பேரரத்தைம்மா. வாசனை அடங்கி இருக்கு பாருங்க" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தாள். சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டாள். அடுத்த வாரமும் வரலாமா என்று கேட்டாள்.

"வாங்க. மத்தியானம் வாங்க, கூட்டம் இருக்காது" என்றார் அவர்.