கேஸ்ட்ரிக் பேண்டின் கதை: யார் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்?



சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஒரு யூசர் ‘இது சரியா வேலை செய்யலை’னு டிக்கெட் போடுவார். நாம லாகைத் திறந்து பார்ப்போம். அவர் ஏதோ ஒன்றைத் தப்பான வரிசையில் செய்திருப்பார். ‘யூசர் எரர்’னு எழுதி டிக்கெட்டை மூடிடுவோம். நானும் நிறைய மூடியிருக்கேன். ஆனா அதே டிக்கெட் நூறு பேரிடமிருந்து வந்தால்? அப்போ டிசைனைத் திறந்து பார்த்துதான் ஆகணும்.

இன்றைக்கு அப்படி மூடப்பட்ட டிக்கெட்டுகளின் வரலாறு ஒன்றைப் பேசப் போறேன். கருவியின் பெயர் கேஸ்ட்ரிக் பேண்ட். உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டும் ஒரு சிலிகான் வளையம். 2011-ல் அமெரிக்காவில் நடந்த எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதுதான். 2018-ல் அது சுமார் ஒரு சதவீதம். ஏழே வருஷம்! நடுவில் என்ன ஆச்சு?

பேண்டுக்கு முன்

கதை 1954-ல் தொடங்குகிறது. மினசோட்டாவில் கிரெமன், லின்னர் என்ற அறுவை மருத்துவர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி, உணவுக்கு ஒரு குறுக்கு வழி போடும் முறையைப் பதிவு செய்தார்கள். உணவு உடலில் சேராமலே போய்விடும், எடை குறையும். கூடவே தீராத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. இந்த முறை பிறகு கைவிடப்பட்டது.

அடுத்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிக்கொண்டவர்கள் இளைத்துப் போவதை அவர் கவனித்தார். 1966-ல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார். 1980-ல் இன்னொரு வழியை முயன்றார். குடலைத் தொடாமல், இரைப்பையின் மேல்பகுதியை ஸ்டேப்பிள் போட்டுச் சின்னப் பையாக்கி, அதன் வாசலில் ஒரு பட்டையைச் சுற்றினார்.

இதில் ஒரு சிக்கல். வாசலின் அளவு அறுவை சிகிச்சை மேஜையிலேயே முடிவாகிவிடும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் சாப்பாடு இறங்காது, தளர்வாக இருந்தால் பயனில்லை. மாற்றணும்னா மறுபடி வயிற்றைத் திறக்கணும். நம்ம பாஷையில் சொன்னா, ஹார்டுகோட் பண்ணின மதிப்பு.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லூபோமிர் குஸ்மாக். நியூ ஜெர்சியில் பணியாற்றிய யுக்ரைனிய அறுவை மருத்துவர். 1983-ல் அவர் பயன்படுத்திய சிலிகான் பேண்டின் அளவை மாற்ற முடியாது. 1986-ல் அதன் உட்புறத்தில் ஒரு சின்ன பலூனைச் சேர்த்தார். பலூனிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு போர்ட். தோல் வழியாக ஊசி போட்டு உப்பு நீரை ஏற்றினால் பேண்ட் இறுகும், எடுத்தால் தளரும். இதே காலத்தில் ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் இருவரும் இதே போன்ற ஒன்றை உருவாக்கினார்கள்.

இதன் அழகைப் பாருங்க. எதையும் வெட்டி எடுக்கவில்லை, குடலை மாற்றி இணைக்கவில்லை. வேண்டாம்னா பேண்டைக் கழற்றிடலாம். ஆளுக்கு ஏற்ற மாதிரி இறுக்கத்தை மாற்றலாம். இந்த டிசைனை 1986-ல் பார்த்திருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

ஆடு மேய்த்த சிறுவன் போட்ட பேண்ட்

எண்பதுகளின் இரண்டாம் பாதியில் இன்னொரு மாற்றமும் வந்தது. 1985-ல் ஜெர்மனியில் எரிச் மூஹே, 1987-ல் பிரான்ஸில் ஃபிலிப் மூரே, வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார்கள். லேப்ராஸ்கோப்பி யுகம் பிறந்தது. பேண்டுக்கு அது அப்படியே பொருந்தியது. 1992-ல் பிரஸ்ஸல்ஸில் கி-பெர்னார் காடியேர் துளை வழியாக அட்ஜஸ்டபிள் பேண்டைப் பொருத்தினார். 1993 செப்டம்பர் 1 அன்று பெல்ஜியத்தின் ஹுய் என்ற சிறு நகரத்தில் மிடிக்கு பெலாச்செவ், லேப்ராஸ்கோப்பிக்கென்றே வடிவமைத்த ‘லேப்-பேண்ட்’ கருவியை முதல் தடவை ஒரு நோயாளிக்குப் போட்டார். பெலாச்செவ் எத்தியோப்பியக் கிராமத்தில் ஆடு மாடு மேய்த்து வளர்ந்தவர். அவர் வாழ்க்கைக்கே ஒரு தனி எபிசோடு போடலாம்.

2001 ஜூனில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. லேப்-பேண்டுக்கு அனுமதி கொடுத்தது. கதை அங்கிருந்து வேகமெடுக்கிறது.

பேண்டோடு ஒரு சாப்பாடு

வேகத்தைக் கொஞ்சம் நிறுத்தி, பேண்டோடு வாழ்வது எப்படி இருக்கும்னு பார்ப்போம்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் முதலில் திரவம், பிறகு மசித்த உணவு, பிறகுதான் திட உணவு. பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து முதல் ஊசி. அதுவரை பேண்ட் பெரிதாக இறுக்காது, பழைய பசி திரும்பி வரும். ‘ஆபரேஷன் பண்ணியும் பசிக்குதே, நான் தோத்துட்டேனா’னு நிறைய பேர் பயப்படும் கட்டம் இதுதான்.

ஊசி போட்ட பிறகு சாப்பிடுவதே புதுப் பாடம். ஒரு வேளைக்கு அரைக் கப் அளவு. விரல்நகம் அளவு வாய். நன்றாக மென்று விழுங்கணும். விழுங்கிய பிறகு ஒரு நிமிஷம் காத்திருக்கணும், ஏன்னா அந்த ஒரு வாய் உணவு பேண்டைத் தாண்ட உணவுக்குழாய் பல தடவை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். அந்த மெதுவான அழுத்தம்தான் ‘போதும்’ என்ற உணர்வை மூளைக்கு அனுப்புகிறதுன்னு ஆய்வாளர்கள் பின்னாளில் விளக்கினார்கள். அவசரப்பட்டால் நெஞ்சில் அடைக்கும், வாயில் எச்சில் ஊறி ஊறி வரும், கடைசியில் சாப்பிட்டது அப்படியே திரும்பி வரும். மென்மையான ரொட்டி, சாதம், நார் நாராக இருக்கும் இறைச்சி எல்லாம் சிக்கிக்கொள்வதில் பேர்போனவை.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ஒரு வாய்க்கு ஒரு நிமிஷம் காத்திருப்பதை யோசிச்சுப் பாருங்க. பக்கத்து இலையில் பாயசம் வந்திருக்கும், நீங்க இன்னும் மூணாவது வாயில் இருப்பீங்க.

இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. பேண்ட் தேவைக்கு மேல் இறுகினால் காய்கறியும் கோழியும் இறங்காது. ஆனா ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எது வலிக்காமல் இறங்குகிறதோ அதை மனுஷன் சாப்பிடத்தானே செய்வான்? எடை ஏறும். மருத்துவர் குறிப்பில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’னு எழுதப்படும். உண்மையில் அங்கே செய்ய வேண்டியது பேண்டிலிருந்து கொஞ்சம் உப்பு நீரை எடுப்பது.

மெல்போர்னில் பால் ஓ’பிரையன் குழு இதற்கு ஒரு எளிய வரைபடம் வைத்திருந்தது. மஞ்சள் என்றால் பசிக்கிறது, பெரிய சாப்பாடு தேடுகிறது, நீர் ஏற்றலாம். பச்சை என்றால் குறைவாகச் சாப்பிட்டாலே திருப்தி, விட்டுவிடலாம். சிவப்பு என்றால் அடைப்பு, எதுக்களிப்பு, இரவில் இருமல், மென்மையான இனிப்பு உணவுக்குத் தாவுவது. நீரை எடுக்கணும். கவனிங்க, இனிப்புக்குத் தாவுவதை அவர்கள் குணக் கோளாறாகப் பார்க்கவில்லை. பேண்ட் இறுகிவிட்டதற்கான அறிகுறியாகப் பார்த்தார்கள்.

விற்றது எது, கொடுத்தது எது

அப்படின்னா பேண்ட் ஒரு தடவை பொருத்திவிட்டு மறக்கும் பொருள் இல்லை. வருஷக்கணக்கில் யாராவது அதைக் கவனித்து, கேட்டு, ஏற்றி, இறக்கிக்கொண்டே இருக்கணும். 2004-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. முதல் வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் மருத்துவரைப் பார்த்த பேண்ட் நோயாளிகள் மற்றவர்களைவிட அதிக எடை குறைந்திருந்தார்கள். பைபாஸ் செய்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பேண்டின் சிகிச்சை அந்த வளையத்தில் பாதி, அந்தச் சந்திப்புகளில் பாதி.

சந்தை விற்றது வளையத்தை மட்டும். பல இடங்களில் ஊசிக்குத் தனிக் கட்டணம். வெளியூரிலோ மெக்சிகோவிலோ போய்ப் பொருத்திக்கொண்டவர்கள், உள்ளூரில் ஊசி போட மருத்துவர் கிடைக்காமல் அலைந்தார்கள். தெற்கு கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் விளம்பரப் பலகைகள். 2011 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. தகுதி வரம்பைத் தளர்த்தியது: உடல்பருமன் தொடர்பான வேறு நோயும் இருந்தால் பி.எம்.ஐ. 30 போதும். அதே வருஷம் டிசம்பரில் அதே எஃப்.டி.ஏ., ஆபத்துகளைச் சரியாகச் சொல்லாமல் பேண்டை விளம்பரம் செய்ததற்காகக் கலிஃபோர்னியாவின் சில அறுவை சிகிச்சை மையங்களுக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

அந்த 2011-ல்தான் பெல்ஜியத்திலிருந்தும் ஒரு அறிக்கை வந்தது. 1994 முதல் 1997 வரை பிரஸ்ஸல்ஸில் பேண்ட் போட்டுக்கொண்ட 151 பேரை, பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்துத் தேடினார்கள். 82 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பெரிய சிக்கல்கள். 28 சதவீதம் பேருக்குப் பேண்ட் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருந்தது. 60 சதவீதம் பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் பேண்டே இல்லை, எடுத்தாகிவிட்டது. இதை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 1992-ல் துளை வழியாகப் பேண்டைப் பொருத்திய அதே காடியேர். தன் கண்டுபிடிப்பின் பக் ரிப்போர்ட்டைத் தானே எழுதி வெளியிட ஒரு நேர்மை வேணும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2013-ல் மெல்போர்ன் குழு 3,227 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. 15 வருஷம் வரை தொடர்ந்தவர்களிடம், கூடுதலாக இருந்த எடையில் சுமார் 47 சதவீதம் குறைந்தே இருந்தது. பேண்ட் அரிப்பு 3.4 சதவீதம்தான். அங்கேயும் மறு அறுவை சிகிச்சைகள் நிறைய, ஆனா பொருத்தும் முறை மேம்பட்ட பிறகு அவை குறைந்தன. இந்த மையத்துக்குப் பேண்டைத் தயாரித்த நிறுவனத்தின் நிதியுதவி இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கணும். பிரஸ்ஸல்ஸ் ஆய்வில் பாதிக்கு அருகில் ஆட்கள் கிடைக்கவில்லை என்பதையும்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இது. பேண்ட் சிலருக்கு நிஜமாகவே உதவியது. ஆனா அது வேலை செய்ய நல்ல பொருத்தும் முறையும் விடாத கவனிப்பும் வேணும், அப்படியிருந்தும் பலருக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் முறை வந்ததும் மருத்துவர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். 2013-ல் நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி பேண்ட் போட்டுக்கொண்டது பெரிய செய்தியானது. அந்த வருஷக் கடைசியிலேயே லேப்-பேண்ட் தொழிலை அலர்கன் நிறுவனம் விற்றுவிட்டு வெளியேறியது.

அட்ஜஸ்ட்

தமிழில் நாம ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லை ரெண்டு அர்த்தத்தில் பயன்படுத்தறோம். மிக்சி மூடியை அட்ஜஸ்ட் பண்ணு என்பது ஒன்று. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ன்னு மனுஷங்ககிட்ட சொல்வது இன்னொன்று. குஸ்மாக்கின் கனவு முதல் அர்த்தம்: கருவி ஆளுக்காக மாறும். நடைமுறையில் நிறைய பேருக்குக் கிடைத்தது இரண்டாவது. கருவி அப்படியே இருக்கும், வலியையும் வாந்தியையும் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. எடை ஏறினால் அது உங்க மன உறுதியின் குறை.

மன உறுதி பற்றி ஒரு தகவல். 2011-ல் மெல்போர்னில் இன்னொரு குழு, 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தது. ஒரு வருஷம் கழித்தும் அவர்கள் உடலில் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடல் இழந்த எடையைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதோடு தினமும் மல்லுக்கட்டுகிறவரைப் பார்த்து ‘கட்டுப்பாடு இல்லை’ன்னு சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்க!

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. எடை குறைக்கும் ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டன. செமாக்ளூடைட் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம்ம நண்பர்களில் யாருக்காவது அப்படி ஆகும்போது, ‘விட்டுட்டான், சோம்பேறி’ன்னு நாம டிக்கெட்டை மூடப் போறோமா?

இதைக் கேட்கிறவர்களில் யாருக்காவது, அல்லது உங்க வீட்டில் யாருக்காவது பேண்ட் இருந்தால் ஒரு வேண்டுகோள். அடிக்கடி வாந்தி, இரவில் இருமல், விழுங்கச் சிரமம் இருந்தால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். அறுவை மருத்துவரைப் பாருங்க. அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. பேண்டை எடுத்துவிட்டவர்களும் தோற்றவர்கள் இல்லை.

நான் மூடின சில பழைய டிக்கெட்டுகளை இந்த வாரம் திரும்பத் திறந்து பார்க்கப் போறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.